ஆப்ல ஸ்கோர் 95க்கு மேல, ஈறுல ரத்தம்: ஸ்மார்ட் ப்ரஷ், ஏஐ எக்ஸ்ரே, எச்சில் டெஸ்ட் இதெல்லாம் நிஜமாவே நம்ம வாய பாத்துதான் சொல்லுதா?

கடவாப்பல் கேட்டது:

ப்ளூடூத் இருக்குற எலெக்ட்ரிக் ப்ரஷ் ஒண்ணு ரொம்ப நாளா யூஸ் பண்றேன், தேய்க்கும்போது ஃபோன்ல வாயோட படம் வரும், ப்ரஷ் போன இடமெல்லாம் வெள்ளையாகும், விட்ட இடம் நீலமாவே நிக்கும், முடிச்ச உடனே மார்க் போடும். எனக்கு எப்பவும் 95க்கு மேலதான், அப்பப்ப பேட்ஜ் வேற குடுக்கும். அந்த தைரியத்துல க்ளீனிங்குக்கு போய் உக்காந்தா, அவங்க மெல்லிசா ஒரு கம்பிய ஈறுக்குள்ள விட்டு பல்லு பல்லா "மூணு, ரெண்டு, மூணு, ரத்தம், அஞ்சு"ன்னு சொல்ல சொல்ல பக்கத்துல இன்னொருத்தர் டைப் பண்ணிட்டே இருக்காங்க, கடைசில கீழ் கடவாப்பல் உள்பக்கம் 5 மில்லிமீட்டர் பாக்கெட்டாம், பல்லிடுக்குல நெறைய இடத்துல ரத்தக் கசிவாம். ஆப்ப எடுத்து காட்டினேன், சிரிச்சாங்க, அவ்ளோதான்.

அதுக்கப்புறம் எக்ஸ்ரே எடுத்து ஸ்க்ரீன்ல போட்டா ஏஐ கலர் கலரா கட்டம் போட்டு ரெண்டு பல்லுல ஆரம்ப சொத்தைன்னு காட்டுது. எச்சில எடுத்து லேபுக்கு அனுப்பினா எந்த பாக்டீரியா எவ்ளோ இருக்குன்னு ரிப்போர்ட் வரும், எடுத்துக்கறீங்களான்னு கேட்டாங்க, யோசிச்சு சொல்றேன்னுட்டேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா வரணுமாம். இதுல கொடுமை என்னன்னா என் வீட்டுக்காரிக்கு அதே இடத்துல வருஷத்துக்கு ஒரு தடவ போதும்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அவ வச்சிருக்கறது சாதா ப்ரஷ்! அன்னிலேருந்து அவ என்ன பாக்குற பார்வையே வேற.

இதுல எது உண்மையிலேயே உபயோகம், எது சும்மா படம் காட்டுறது? இந்த ஃபீல்டுல இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஸ்கேலர் எழுதினது:

நான் டென்டல் ஹைஜீனிஸ்ட். ஆப்ப காட்டினதும் அவங்க சிரிச்சத தப்பா எடுத்துக்காதீங்க, இதே மாதிரி ஃபோன நீட்டுறவங்கள நாங்க நெறைய பாக்குறோம்.

உங்க ப்ரஷ் பொய் சொல்லல, அது அளக்குறதே வேற. ப்ரஷ் எந்தப் பக்கம் எவ்ளோ நேரம் போச்சுன்றது ஆப்ல வரும், அங்கேருந்து ப்ளேக், அதாவது பல்லுல ஒட்டுற பாக்டீரியா படலம், பெயர்ந்து வந்துச்சான்னு அதுக்கு தெரியாது, ரெண்டு பல்லுக்கு நடுவுல என்ன கிடக்குன்னு சுத்தமா தெரியாது. ஈறு நோய் பெரும்பாலும் கிளம்புறது அந்த இடுக்குலதான், எந்த ப்ரஷ்ஷோட நாரும் அங்க முழுசா நுழையாது, சாதாவா இருந்தாலும் சரி எலெக்ட்ரிக்கா இருந்தாலும் சரி. 1965ல டென்மார்க்ல ஒரு பிரபலமான ஆராய்ச்சி நடந்துச்சு, ஈறு நல்லா இருக்குற ஆளுங்கள பல்லு தேய்க்காம விடச் சொன்னாங்க, 10ல இருந்து 21 நாளுக்குள்ள எல்லாருக்கும் ஈறு வீங்கிடுச்சு, திரும்ப தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல டைம்ல சரியாயிடுச்சு. அவங்க வாய் முழுக்க விட்டாங்க, நீங்க இடுக்கு மட்டும் விட்டிருக்கீங்க, அங்க நடக்கறது அதேதான்.

இப்ப அந்த நம்பருக்கு வருவோம், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்தோட ஆழம் அது, ஆழம் கூடிப் போனதத்தான் பாக்கெட்னு சொல்றோம். 1ல இருந்து 3 மில்லிமீட்டர் வரைக்கும் நார்மல், 4 வந்தா கண்ணு வைக்கணும், 5னா வீட்ல என்ன தேய்ச்சாலும் அடி வரைக்கும் போகாது, உள்ள காரை, அதாவது கெட்டியாகிப் போன ப்ளேக், உக்காந்திருந்தா கருவி விட்டுதான் எடுக்கணும். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடம் அளந்து, ரத்தம் வருதான்னு குறிச்சு, போன தடவ நம்பரோட ஒப்பிட்டு பாக்குறதுதான் உங்களுக்குன்னே எடுக்குற கணக்கு, அதுக்கு அந்த கம்பி போதும், ப்ளூடூத் வேணாம்.

மூணு மாசமா வருஷமான்றதும் இதுலேருந்துதான் வருது. எல்லாரும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாங்கன்றது பழைய பழக்கம், ஆளுக்கு ஆள் ரிஸ்க் மாறும். பிரிட்டன்ல நைஸ்னு ஒரு அமைப்பு 2004லயே பெரியவங்களுக்கு 3 மாசத்துலேருந்து 24 மாசம் வரைக்கும் அவங்கவங்க நிலமைய பாத்து வச்சுக்கோங்கன்னு சொல்லிடுச்சு. 2018ல வந்த புது ஈறு நோய் வகைப்பாட்டுல நோய் எவ்ளோ வேகமா போகும்னு கணிக்க கிரேடு போடுறாங்க, அதுல சிகரெட் தினம் 10ம் அதுக்கு மேலயும்னா, இல்ல சுகர் இருந்து ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர காட்டுற டெஸ்ட், 7 சதவீதமும் அதுக்கு மேலயும்னா நேரா கடைசி கிரேடுக்கு தூக்கிடுவாங்க. உங்களுக்கு இது ரெண்டும் உண்டா இல்லையான்னு நீங்க எழுதல, அங்க கேட்டிருப்பாங்க. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு பாக்கெட் இல்ல, ரத்தம் இல்ல, புதுசா சொத்தை இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவன்றது நியாயமான பதில்தான். ஒரே இடத்துல ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா சொல்லிருக்காங்கன்னா நல்ல இடம்னுதான் நான் எடுத்துப்பேன்.

கைரோ எழுதினது:

நான் பல்லு ஆளு இல்ல, சென்சார் ஆளு, அதனால ப்ரஷ்ஷுக்குள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன். உள்ள ஒரு ஆக்ஸிலரோமீட்டர், ஒரு கைரோஸ்கோப், இந்த ரெண்டும் ஃபோன்ல இருக்குறதேதான். ப்ரஷ் எந்த கோணத்துல சாஞ்சிருக்கு, எப்படி ஆடுதுன்னு பாத்து, முன்னாடி நெறைய பேர் தேய்ச்ச டேட்டாவ வச்சு ட்ரெயின் பண்ண மாடல் "இது மேல் இடது உள்பக்கமா இருக்கும்"னு ஊகிக்குது. ஊகம்தான், நல்லா கவனிங்க, ஜிபிஎஸ் எதுவும் வாய்க்குள்ள ஓடல. நீங்க நடந்துக்கிட்டே தேய்ச்சா, தலைய சாச்சா, ப்ரஷ்ஷ வாய்ல வச்சுக்கிட்டே திரும்பி ஃபோன் பாத்தா அதுக்கு குழப்பம் வரும், ஏன்னா தல திரும்பினதா கை திரும்பினதான்னு அதுக்கு பிரிச்சு தெரியாது. வாய ஆறு பகுதியா பிரிக்குற ப்ரஷ்ஷும் இருக்கு, பதினாறா பிரிக்குறதும் இருக்கு, பதினாறுன்னு போட்டதால அவ்ளோ துல்லியம்னு அர்த்தம் கிடையாது. அந்த 95ன்றது கம்பெனிக்காரன் தானே வச்சுக்கிட்ட ஃபார்முலா, வேற ப்ராண்டு ப்ரஷ்ல இதே மாதிரி தேய்ச்சா வேற மார்க் வரும்.

வீடு பெருக்குறவங்க எல்லா ரூமுக்கும் போனாங்களான்னு வாசல்ல நின்னு எண்ற மாதிரிதான் இது, போனது தெரியும், குப்ப போச்சான்னு தெரியாது.

ஆனா அதுல ரெண்டு விஷயம் உருப்படியானது. ஒண்ணு ப்ரஷர் சென்சார், அது ஊகம் இல்ல நேரடியா அளக்குறது, அழுத்தி தேய்ச்சு ஈறு இறங்கி பல்லு கூசுறவங்களுக்கு செவப்பு லைட் எரிஞ்சதும் கை தானா லேசாயிடும். இன்னொண்ணு டைமர், ரெண்டு நிமிஷத்த 30 செகண்டா நாலா பிரிச்சு அதிரும்ல அது, மனசுல ரெண்டு நிமிஷம்னு நெனச்சுட்டு ஒரு நிமிஷத்துல துப்புறவங்கதான் ஊர்ல அதிகம். இது ரெண்டுக்கும் ஆப்பே வேணாம், ப்ரஷ்லயே இருக்கு. எலெக்ட்ரிக் ப்ரஷ் சாதாவ விட மேலயான்னா மேலதான், 2014ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள அலசுற அமைப்பு, நடந்த ஆய்வுகள எல்லாம் தொகுத்து பாத்ததுல மூணு மாசத்துக்கு அப்புறம் ப்ளேக் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் சாதா ப்ரஷ்ஷ விட குறைவா இருந்துச்சு. அது மோட்டருக்கு கிடைச்ச மார்க், ஆப்புக்கு கிடைச்சது இல்ல.

இன்னொண்ணு, அந்த ஆப்ல நீங்க தினமும் எப்ப எந்திரிச்சு எத்தன மணிக்கு படுக்கப் போறீங்கன்ற வரைக்கும் பதிவாகுது. லொகேஷன் பர்மிஷன் கேட்டா ஆஃப் பண்ணிடுங்க, பல்லு தேய்க்க அது எதுக்கு?

ரெண்டுநிமிஷம் எழுதினது:

எல்லாம் வியாபாரம் பாஸ். சாதா ப்ரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், ரெண்டு வேள, முடிஞ்சுது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வரச் சொல்றது அவங்க நாற்காலி காலியா இருக்கக்கூடாதுன்னுதான். 2018ல பிரிட்டன்ல ஐக்வாட்னு ஒரு ட்ரயல் முடிவு வந்துச்சு, மூணு வருஷம் பாத்தாங்க, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேலிங் பண்ணவன், வருஷத்துக்கு ஒருக்கா பண்ணவன், பண்ணவே பண்ணாதவன் எல்லாருக்கும் ஈறுல ரத்தம் வர்றது ஒரே அளவுதான். அதோட ஆளுக்கு தகுந்தாப்புல தனியா உக்கார வச்சு பல்லு தேய்க்க சொல்லிக் குடுத்தாங்களே, அதுலயும் வித்தியாசம் ஒண்ணும் இல்ல. அப்புறம் என்ன பர்சனலைஸ்டு?

ஸ்கேலர் எழுதினது:

ரெண்டுநிமிஷம் சார், அந்த ட்ரயல நானும் படிச்சிருக்கேன், நீங்க சொன்ன முடிவு சரிதான், எங்க ஆளுங்க நெறைய பேருக்கு பிடிக்காத முடிவு, ஆனா உண்மை. அதுல இருந்தவங்க ஒழுங்கா செக்கப் போறவங்க, ரொம்ப முத்தின ஈறு நோய் இருந்தவங்கள சேர்க்கல, பண்ணதும் சாதா ஸ்கேல் அண்ட் பாலிஷ், அதாவது மேலாக்க சுத்தம் பண்றது. வாய் நல்லா இருக்கறவங்களுக்கு சும்மா சும்மா பாலிஷ் போடுறதுல ஒண்ணும் இல்லன்னுதான் நானும் சொல்வேன். 5 மில்லிமீட்டர் பாக்கெட்டுக்குள்ள வேர் மேல ஒட்டின காரைய எடுக்குறது வேற வேலை, அது எடுத்தப்புறம் பாக்கெட் சுருங்குதான்னு திரும்ப அளக்கணும், மூணு மாசம்ன்றது அதுக்குத்தான். சுருங்கிடுச்சுன்னா இடைவெளிய நீட்டிக்கலாம், காலம் பூரா மூணு மாசம்னு யாராச்சும் சொன்னா அப்ப நீங்க கேக்குற கேள்வி நியாயம்.

சொல்லிக் குடுக்குறதுல வித்தியாசம் வரலன்றது எனக்கும் உறுத்தும். ஒரு தடவ உக்கார வச்சு சொல்லிட்டா மனுஷன் மாறிடுவான்னு நெனைக்குறது எங்க தொழிலோட பழைய மூட நம்பிக்கை. கண்ணால பாத்தா கொஞ்சம் மாறுறாங்க, அதுக்கு என் கையில இருக்கறதுலயே சிறந்த டெக்னாலஜி சாயம்தான். ப்ளேக் காட்டுற மாத்திரை, மென்னுட்டு கண்ணாடி பாத்தா ப்ளேக் இருக்குற இடமெல்லாம் கலராகும், ரெண்டு கலர் வகைல புதுசா ஒட்டினது ரோஸ், நாள்பட்டது ஊதா. கடவாப்பல் சார், நீங்க ஆப்ல முழு மார்க் வாங்கின அடுத்த நிமிஷம் அத ஒண்ணு மென்னு பாருங்க, எந்த இடம் ஊதாவா நிக்குதுன்னு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க. உங்க வாய்க்கு மட்டுமான ரிப்போர்ட் அதுதான். அதுக்கப்புறம் ஆப்ப திட்டுறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

வறண்டவாய் எழுதினது:

எச்சில் டெஸ்ட் பத்தி கேட்டிருந்தீங்க, அதுல ரெண்டு வகை இருக்கு, குழப்பிக்காதீங்க. எனக்கு மருந்தால வாய் காஞ்சு போற பிரச்சனை, அலர்ஜி மாத்திரை, மன அழுத்த மாத்திரை இந்த மாதிரி நெறைய மருந்துக்கு இந்த குணம் உண்டு. நல்லா தேய்ச்சுக்கிட்டே இருந்தும் வேர் பக்கத்துல வரிசையா சொத்தை வந்துச்சு, போன இடத்துல எல்லாம் ஸ்வீட் கம்மி பண்ணுங்கன்னாங்க, நான் ஸ்வீட் பக்கமே போறதில்ல. கடைசில ஒருத்தங்கதான் எச்சிலோட அளவ பாத்தாங்க, சும்மா உக்காந்து ஊறுற எச்சில ஒரு கப்புல சேத்து நிமிஷத்துக்கு எவ்ளோன்னு கணக்கு போடுறது, மெஷின் கூட வேணாம். நிமிஷத்துக்கு 0.1 மில்லிக்கு கீழ போனா எச்சில் சுரப்பு கம்மின்னு அர்த்தம், எனக்கு அதுக்கும் கீழ.

எச்சில்தான் அமிலத்த கழுவி விடுதாம், பிஹெச் 5.5க்கு கீழ போச்சுன்னா எனாமல் கரைய ஆரம்பிக்கும், திரும்ப மேல கொண்டு வர்றது எச்சிலோட வேலை, அது இல்லன்னா ஒவ்வொரு தடவ எதையாச்சும் கொறிக்கும்போதும் பல்லு ரொம்ப நேரம் அமிலத்துல கிடக்கும். அது தெரிஞ்சதும் என் வைத்தியமே மாறிடுச்சு. சாதா பேஸ்ட்ல 1000ல இருந்து 1500 பிபிஎம் ஃப்ளோரைடு இருக்கும், எனக்கு 5000 பிபிஎம் எழுதிக் குடுத்தாங்க, அது டாக்டர் சீட்டு இல்லாம வாங்கி எல்லாரும் யூஸ் பண்றதுக்கு இல்ல, சின்னப் பசங்க கைக்கு எட்டவே கூடாது. தேய்ச்சு முடிச்சதும் துப்பணும், தண்ணி ஊத்தி கொப்பளிக்கக் கூடாது, இது உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன், கொப்பளிச்சா ஃப்ளோரைடு எல்லாம் வாஷ்பேசின்ல போயிடும்.

லேபுக்கு அனுப்புற பாக்டீரியா டெஸ்டும் நான் எடுத்தேன். கலர் கலரா வட்டம், நீளமா பேரு, கீழ "பல்லிடுக்க சுத்தம் பண்ணுங்க, புகை பிடிக்காதீங்க"ன்னு அட்வைஸ். அந்த அட்வைஸுக்கு எதுக்கு லேபு? என் டாக்டர் அத பாத்துட்டு ஓரமா வச்சுட்டாங்க, அந்த ரிப்போர்ட்டால என் ட்ரீட்மென்ட்ல ஒரு மாத்தமும் வரல. ரிப்போர்ட் எப்படி வந்தா என்ன மாத்துவீங்கன்னு முதல்லயே கேளுங்க, பதில் இல்லன்னா விட்டுடுங்க.

பைட்விங் எழுதினது:

பல் டாக்டர்தான், ஏஐ எக்ஸ்ரே பத்தி மட்டும் சொல்லிட்டு போறேன். விளையாட்டு சாமான் இல்ல அது. அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி தர்ற எஃப்டிஏ 2021ல ஓவர்ஜெட்ன்ற கம்பெனியோட சாஃப்ட்வேருக்கும் 2022ல பேர்ல்ன்ற கம்பெனியோட செகண்ட் ஒப்பீனியன் சாஃப்ட்வேருக்கும் அனுமதி குடுத்துச்சு, முதல்ல சொன்னது எலும்பு எவ்ளோ இறங்கியிருக்குன்னு அளக்க, ரெண்டாவது சொத்தை காரை இதெல்லாம் சுட்டிக் காட்ட. நாள் முழுக்க எக்ஸ்ரே பாத்து கண்ணு அசந்து போற நேரத்துல "இங்க பாரு"ன்னு சொல்ல ஒரு ஆள் இருக்கறது எனக்கு உதவியாத்தான் இருக்கு, நோயாளிக்கு காட்டி புரிய வைக்கவும் சுலபம்.

ஆனா கட்டம் போட்டுடுச்சுன்னா ட்ரில் பண்ணணும்னு இல்ல. எனாமலோட நிக்குற ஆரம்ப சொத்தை, மேல குழி விழலன்னா, ஃப்ளோரைடும் இடுக்கு சுத்தமும் இருந்தா அங்கேயே நின்னுடும், கொஞ்சம் தேறவும் செய்யும். ஒரு தடவ குடைஞ்சு அடைச்சுட்டா அந்த அடைப்ப காலம் பூரா மாத்தி மாத்தி போட வேண்டியதுதான். அதனால நீங்க மூணே கேள்வி கேளுங்க, சொத்தை எனாமலத் தாண்டிடுச்சா, மேல உடைஞ்சிருக்கா, பழைய எக்ஸ்ரேல இதே இடம் எப்படி இருந்துச்சு. இதுல கடைசி கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம், ஒரே ஒரு படத்துல தெரியுற நிழல் புதுசா பழசான்னு ஏஐக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. எக்ஸ்ரே கதிர் இல்லாம 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிய விட்டு பல்லிடுக்க பாக்குற ஸ்கேனரும் இப்ப வந்திருக்கு, அடிக்கடி கண்காணிக்க வேண்டிய ஆரம்ப சொத்தைக்கு அது வசதி, ஆனா எலும்பு அதுல தெரியாது, உங்க பாக்கெட்டுக்கு எக்ஸ்ரேதான்.

கடவாப்பல் எழுதினது:

எல்லாருக்கும் நன்றி, டாக்டருக்கும் ஸ்கேலர் மேடத்துக்கும் ஸ்பெஷலா. சுகர் இல்ல, சிகரெட் விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. சாய மாத்திரை போட்டு பாத்தேன், மேடம் சொன்னது அப்படியே, பல்லோட முகம் எல்லாம் சுத்தமா இருக்கு, இடுக்குல கோடு போட்ட மாதிரி ஊதா, கீழ் கடவாப்பல் உள்பக்கம் கேக்கவே வேணாம். எச்சில் லேப் டெஸ்ட் வேணாம்னு சொல்லிட்டேன். பழைய எக்ஸ்ரே கேட்டிருக்கேன், தேடித் தர்றேன்னாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். வாய்க்குள்ள ட்ரே மாதிரி கடிச்சுக்கிட்டா பத்து செகண்ட்ல தேய்ச்சு முடிக்கும்னு விளம்பரம் வருதே அந்த யூ வடிவ ப்ரஷ் எப்படி? இடுக்குக்கு தண்ணி பீச்சுற மெஷின் வாங்கவா, இல்ல நூலா, இல்ல பல்லிடுக்குல விட்டு எடுக்குற அந்த குட்டி ப்ரஷ்ஷா?

கைரோ எழுதினது:

யூ ப்ரஷ் பக்கம் போகாதீங்க. 2020ல இத்தாலில ஒண்ண எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, ப்ளேக் எடுக்குறதுல தேய்க்காம விட்டதுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் இல்லன்னு வந்துச்சு. எல்லார் பல்வரிசையும் ஒரே அளவுன்னு நெனச்சு ஒரு சைஸ்ல அச்சு போட்டா நார் எங்க போய் படும்?

ஸ்கேலர் எழுதினது:

உங்களுக்கு குட்டி ப்ரஷ். காரணம், ரத்தமும் பாக்கெட்டும் இடுக்குல இருக்கு, ஈறு கொஞ்சம் இறங்கி இடைவெளி விழுந்திருக்கும், அங்க நூல் இழுத்தா வேரோட பக்கத்துல இருக்குற பள்ளத்துல படாம மேலயே வழுக்கிட்டு போயிடும், குட்டி ப்ரஷ்ஷோட நார் அந்த பள்ளத்துக்குள்ள போய் உரசும். முன்பல்லுல ப்ரஷ் நுழையாத இறுக்கமான இடம் இருந்தா அங்க மட்டும் நூல். தண்ணி மெஷின் 1962லேருந்து இருக்குற பழைய சரக்குதான், பல்லு வரிசைக்கு கம்பி போட்டவங்க, இம்ப்ளான்ட் வச்சவங்க, கை சரியா வராதவங்களுக்கு நல்ல துணை, உங்களுக்கு வேணும்னா கூட சேத்துக்கலாம், ஆனா குட்டி ப்ரஷ்ஷுக்கு பதிலா வேணாம்.

சைஸ்தான் முக்கியம். ஒரே வாய்ல ரெண்டு மூணு சைஸ் தேவைப்படும், எல்லா இடத்துக்கும் ஒரே ப்ரஷ்ஷ விட்டா பெரிய இடுக்குல சும்மா ஆடிட்டு வெளிய வந்துடும். கலர நம்பி வாங்காதீங்க, கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறும், அது வர்ற அட்டைல ஐஎஸ்ஓ சைஸ்னு ஒரு நம்பர் இருக்கும், அத பாருங்க. ப்ரஷ் நடுவுல இருக்குற கம்பி பல்லுல உரசக்கூடாது, நார் மட்டும் லேசா இறுக்கமா போகணும், தள்ளி நுழைக்க வேண்டியிருந்தா ஒரு சைஸ் சின்னது. அடுத்த தடவ போகும்போது எந்த இடுக்குக்கு எந்த சைஸ்னு அங்கேயே பாத்து ஒரு சீட்டுல எழுதித் தரச் சொல்லுங்க.

முதல் சில நாள் ரத்தம் வரும், பயந்து விட்டுடாதீங்க, ஒரு வாரம் ரெண்டு வாரத்துல குறையணும். குறையாத இடம் எதுன்னு குறிச்சு வைங்க, அங்கதான் உள்ள காரை இருக்கும்.

கடவாப்பல் எழுதினது:

சூப்பர் மேடம். அந்த குட்டி ப்ரஷ்ல பேஸ்ட் தடவணுமா?

ஸ்கேலர் எழுதினது:

தேவையில்ல, தண்ணில நனைச்சா போதும். ராத்திரி பெரிய ப்ரஷ் எடுக்குறதுக்கு முன்னாடி இத முடிச்சுடுங்க, அப்பதான் சோம்பேறித்தனத்துல விட்டுப்போகாது. கம்பி வளைஞ்சுடுச்சுன்னா நிமித்தி திரும்ப யூஸ் பண்ணாதீங்க, உடைஞ்சு இடுக்குல மாட்டிக்கிட்டா அத எடுக்க எங்க கிட்டத்தான் வரணும்.